ஆரல்வாய்மொழிக் காற்று, ஆற்று மணல், 8.42 மீட்டர்: எங்கள் திடலில் நீளம் தாண்டும் குழி அமைத்த கதை

தோவாளை வட்டத்தில் இருக்கிற எங்கள் ஊர்த் திடலில் நீளம் தாண்டுவதற்கு ஒரு குழி பல வருஷமாக இருந்தது. அதற்கு விளிம்பு கிடையாது. மணலில் பாதி மண்ணாகிவிட்டது. தாண்டும் இடத்தில் பலகைக்குப் பதில் சுண்ணாம்புக் கோடு. ஓடிவர 25 மீட்டர்தான் கிடைக்கும், அதற்கப்பால் வேலி. இதில் பழகிய பிள்ளைகள் மாவட்டப் போட்டிக்கு நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம் போனால் முதல் இரண்டு வாய்ப்பும் கோட்டை மீறிப் பவுலில் போய்விடும். மூன்றாவதில் பயந்து, பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே காலை ஊன்றித் தாண்டுவார்கள். தாண்டத் தெரியாமல் இல்லை. நீளம் தாண்டுதலில் பாதி வேலை ஓட்டத்தில் இருக்கிறது. எத்தனை அடி வைத்து எந்த வேகத்தில் பலகைக்கு வருகிறோம் என்பது உடம்பில் ஏற வேண்டும். அதற்குப் பழகும் இடமும் போட்டி நடக்கும் இடமும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

அதனால் இந்த வருஷம் பழைய குழியை மூடிவிட்டு, விதிப்படி அளவெடுத்துப் புதிதாக ஒன்று அமைத்தோம். கூடவே எனக்கு நெடுநாளாக இருந்த ஆசை ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். இந்தியாவின் நீளம் தாண்டுதல் சாதனை எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது என்பதைக் குழியின் ஓரத்திலேயே, அந்தந்தத் தூரத்தில், குறிகளாகப் பதிப்பது. பிள்ளைகள் அதைப் புத்தகத்தில் படிக்க வேண்டாம், பக்கத்தில் போய் நின்று பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது திசை. வேறு ஊரில் இது ஐந்து நிமிடப் பேச்சு. எங்கள் ஊரில் அப்படி முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். நீளம் தாண்டுதலில் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்தத் தாண்டல் சாதனைக் கணக்கில் வராது. வினாடிக்கு 2 மீட்டர் என்றால் மணிக்கு 7.2 கிலோமீட்டர், சும்மா முகத்தில் படுகிற காற்று. காற்றாலை சுற்றத் தொடங்கவே வினாடிக்கு 3 அல்லது 4 மீட்டர் காற்று வேண்டும். அப்படியானால் தூரத்தில் காற்றாலை சுழல்வது கண்ணில் பட்டால், கிழக்கு நோக்கித் தாண்டும் எந்தத் தாண்டலும் வரம்பை மீறியிருக்கவே வாய்ப்பு அதிகம். மேற்கு நோக்கி ஓடினால் எதிர்க்காற்று பிள்ளைகளின் வேகத்தைத் தின்றுவிடும்.

ஆகவே ஓடுபாதையை வடக்குத் தெற்காகப் போட்டோம். காற்று குறுக்கே அடிக்கும். காற்றுமானியில் கணக்குக்கு வருவது ஓடும் திசையில் உள்ள பங்கு மட்டும்தான். குறுக்குக் காற்று ஓடுகிறவரை லேசாகத் தள்ளும், ஆனால் அளவைக் கெடுக்காது. ஓட்டம் வடக்கு நோக்கி, தாடகை மலையைப் பார்த்து. காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் விழாது என்பது இதில் இன்னொரு வசதி.

திசை முடிவானதும் மட்டம் பிடித்தோம். ஓடுபாதை குறைந்தது 40 மீட்டர் நீளம், 1.22 மீட்டர் அகலம். ஓடும் திசையில் இறக்கம் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. 40 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 4 சென்டிமீட்டர். பக்கவாட்டுச் சரிவு நூற்றுக்கு ஒன்று, அதாவது பாதையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். எங்கள் திடல் பார்வைக்குச் சமமாகத்தான் தெரியும். நான் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். கொத்தனார் அண்ணன் பார்த்துவிட்டு, "இவ்ளோ நீளத்துக்கு அது ஆகாது மக்ளே, டியூப் வச்சுப் பிடிப்போம்" என்றார். தண்ணீர் நிரப்பிய டியூபை இரண்டு முனையிலும் பிடித்துப் பார்த்ததில் வடக்குப் பக்கம் ஒரு சாண் பள்ளம். இறக்கத்தில் ஓடிவந்து தாண்டினால் தூரம் கூடத்தான் செய்யும், ஆனால் அது அந்தப் பிள்ளையின் தூரம் இல்லை. வடக்குப் பக்கத்தில் சரளை கலந்த செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, கை உருளையால் உருட்டி, அடுக்கடுக்காக ஏற்றினோம். ஒரே நாளில் மொத்த மண்ணையும் கொட்டி உருட்டினால் மேலே மட்டும் இறுகும், முதல் மழையிலேயே அமுங்கிவிடும்.

குழியின் கணக்கு இது. அகலம் குறைந்தது 2.75 மீட்டர், கூடிப்போனால் 3 மீட்டர். தாண்டும் கோட்டிலிருந்து குழியின் கடைசி வரை குறைந்தது 10 மீட்டர். தாண்டும் கோட்டுக்கும் குழியின் தொடக்கத்துக்கும் இடையே 1 முதல் 3 மீட்டர் வரை விடலாம். நாங்கள் பலகையைக் குழிக்கு 2 மீட்டர் முன்னால் வைத்தோம். குழியின் நீளம் 9 மீட்டர், அகலம் 2.75. ஆக, கோட்டிலிருந்து 11 மீட்டர் வரை மணல். எட்டு வயதுப் பிள்ளையும் 2 மீட்டரைத் தாண்டி மணலில் விழுந்துவிடும். பெரியவர்கள் யார் வந்து தாண்டினாலும் கடைசியில் இடம் மிச்சம் இருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழி தோண்டுகிறவர்கள் மறந்துவிடக் கூடாத ஒன்று, நமக்கு மழை இரண்டு பருவம். ஆனி ஆடியில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு தடவை. தண்ணீர் வடிய வழியில்லாத மணல் குழி இங்கே வருஷத்தில் பாதி நாள் குளமாகத்தான் கிடக்கும். அடித்தளத்தை ஒரு பக்கமாகச் சரித்து, அந்தப் பள்ளத்தில் துளை போட்ட நாலு இஞ்ச் பி.வி.சி. குழாயைக் கிடத்தி, வெளியே தோண்டிய உறிஞ்சு குழிக்குக் கொண்டுபோனோம். குழாயின் மேலே ஜல்லி. ஜல்லிக்கு மேலே மணல் இறங்காமல் இருக்க நர்சரிகளில் நிழலுக்குப் போடும் பச்சை வலையை இரண்டு மடிப்பாக விரித்தோம். சாக்கு விரிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். சாக்கு ஈரத்தில் மக்கிவிடும், பிறகு மணல் எல்லாம் ஜல்லிக்குள் இறங்கிக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

குழியின் விளிம்பு செங்கல் கட்டு, சிமெண்ட் பூச்சு. உள்பக்க முனையை உருட்டிப் பூசினோம். கட்டையான முனையில் முதுகோ முழங்கையோ மோதினால் பிள்ளையின் வருஷமே போய்விடும். விளிம்பின் மேல் ஒரு ரப்பர் பட்டையும் ஒட்டினோம். மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் கனமான ரப்பர் பாய் இருக்கிறதே, அதை வாங்கி நீளவாக்கில் கீறினோம். குலசேகரம் பக்கமெல்லாம் ரப்பர் விளையும் மாவட்டம் இது, ரப்பர் பாய்க்கு அலைய வேண்டியதில்லை.

அப்புறம் மணல். மொத்த வேலையில் அதிகம் யோசித்ததும் அதிகம் பேசியதும் இதற்காகத்தான். 9 மீட்டர் நீளம், 2.75 அகலம், ஓரத்தில் 30 சென்டிமீட்டர் ஆழம், நடுவில் இன்னும் கொஞ்சம் கூடுதல். பெருக்கினால் கிட்டத்தட்ட மூன்று யூனிட். இந்தக் காலத்தில் மூன்று யூனிட் ஆற்று மணலுக்கு எங்கே போவது? ஊரில் பலரும் சொன்ன முதல் யோசனை கடற்கரை. அரை மணி நேரத்தில் கடல், மணலுக்கா பஞ்சம் என்றார்கள். நான் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிரியக்கம் உள்ளது. அணுசக்தி தொடர்பான சட்டக் கட்டுப்பாட்டில் வருகிற தாது. அதை அள்ளிக்கொண்டு வந்து பிள்ளைகள் தினமும் விழுந்து புரளும் குழியில் போடுவது சட்டப்படியும் தப்பு, மனசாட்சிப்படியும் தப்பு. அதோடு உப்பு இருக்கிற மணல், பலகையைத் தாங்கும் இரும்புத் தட்டைச் சீக்கிரம் அரித்துவிடும்.

இரண்டாவது யோசனை எம்-சாண்ட். வீடு கட்ட அது போதும். ஆனால் பாறையை உடைத்து எடுத்த தூளுக்கு ஒவ்வொரு பருக்கையிலும் முனை உண்டு. ஆற்று மணல் உருண்டு தேய்ந்து வந்தது. கையில் ஒரு பிடி எம்-சாண்டும் இன்னொரு பிடி ஆற்று மணலும் எடுத்து இறுக்கிப் பாருங்கள். எம்-சாண்ட் உள்ளங்கையைக் குத்தும், ஆற்று மணல் விரலிடையில் வழுக்கி இறங்கும். குத்துகிற மணல் தொடையைச் சிராய்க்கும். அதோடு முனையுள்ள பருக்கைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும், விழுகிறவரின் கணுக்காலுக்கு இடம் கொடுக்காது. உலகத் தடகளக் கூட்டமைப்பின் மைதானக் கையேடும் கழுவிய ஆற்று மணலையோ சுத்தமான குவார்ட்ஸ் மணலையோதான் கேட்கிறது. பருக்கை 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, 0.2 மில்லிமீட்டருக்குக் கீழான பொடி எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது.

வழி காட்டியவர் பள்ளிக்கூடத்து பி.டி. சார்தான். ஊரில் பழைய காலத்தில் வீடு கட்டியவர்கள் பல பேர் வீட்டுப் பின்புறத்தில் மிச்ச மணல் குவியலாகக் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள் என்றார். கேட்டோம், கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பத்துச் சட்டி, இன்னொரு வீட்டில் அரை டெம்போ. கோழி கிளறிய மணல், செம்பருத்தி வேர் ஓடிய மணல், பூனை புழங்கிய மணல் என்று எல்லாம் வந்தது. எல்லாவற்றையும் சல்லடையில் சலித்து, தொட்டியில் போட்டுக் கழுவினோம். கழுவியது போதுமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணல் போட்டு, முக்கால் வரை தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். முதலில் மணல் இறங்கும். வண்டல் மெதுவாக இறங்கி அதன் மேல் தனிப் படையாகப் படியும். மறுநாள் அந்தப் படையின் கனத்தை ஸ்கேலால் அளந்தால் எவ்வளவு மண் கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் கழுவலில் எடுத்த பாட்டிலில் விரல் கனத்துக்குச் செம்மண் படிந்திருந்தது. அதைத் திரும்பக் கழுவியே ஆக வேண்டும். வண்டல் கலந்த மணல் மழையில் சேறாகும், வெயிலில் ஓடாகும். மேல்படை நூல் கனத்துக்கு வந்த பிறகுதான் குழியில் கொட்டினோம்.

பலகைக்கு அயினி மரம். நம்மூரில் கதவுக்கும் வள்ளத்துக்கும் அயினியைத்தான் நம்புவார்கள், ஈரத்துக்கு அசராது. தச்சு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் நன்றாகக் காய்ந்த துண்டாகப் பார்த்து இழைத்துக் கொடுத்தார். நீளம் 1.22 மீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர். கனம் 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அடியில் ஓட்டை போட்ட இரும்புத் தட்டு வைத்து, அதற்குள் பலகை உட்காருமாறு செய்தோம். தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம், தண்ணீரும் தேங்காது. மேலே வெள்ளை பெயின்ட். பலகையின் மேல்மட்டமும் ஓடுபாதையும் குழியின் மணலும் மூன்றும் ஒரே மட்டம். இதற்கு மட்டும் கொத்தனார் அண்ணன் ரசமட்டத்தை அனுமதித்தார்.

பலகைக்கு அப்பால் 10 சென்டிமீட்டர் அகலத்தில், களிமண் போல மெத்தென்று இருக்கும் பிளாஸ்டிசின் பட்டை. முன்பு இதைக் கோட்டிலிருந்து சாய்வாக, 45 டிகிரியில் பூசுவார்கள். கால்விரல் கோட்டை மீறினால் அதில் தடம் விழும். 2021 நவம்பரில் விதி மாறியது. இப்போது தாண்டும் கோட்டின் நேர் செங்குத்தான தளத்தைக் கால் தாண்டியதா என்பதுதான் கேள்வி. பிளாஸ்டிசின் வைத்தால் அதன் முகமும் செங்குத்தாக இருக்க வேண்டும். பெரிய போட்டிகளில் கேமரா பார்க்கிறது. நம்ம வெயிலில் பிளாஸ்டிசின் மதியத்துக்குள் இளகிவிடும். அதனால் இரண்டு பட்டைகள் செய்து, ஒன்றை நிழலில் ஈரத்துணி மூடி வைத்து, மாற்றி மாற்றிப் போடுகிறோம்.

இனி குறிகளுக்கு வருகிறேன். குழி விளிம்புக்கு வெளியே, ஓடுபாதைக்கு இணையாக ஒரு வரிசை பேவர் பிளாக் பதித்தோம். தாண்டும் கோட்டிலிருந்து இரும்பு டேப்பை இழுத்துப் பிடித்து அதில் குறி போட வேண்டும். தாண்டலை அளப்பது எப்போதும் கோட்டுக்குச் செங்குத்தாக. ஆகவே முதலில் பக்கங்கள் மூன்று, நான்கு, ஐந்து வரும் முக்கோணக் கணக்கில் மூலை பிடித்து, பேவர் வரிசை கோட்டுக்குச் சரியான செங்குத்தில் போகிறதா என்று உறுதி செய்தோம். பெயின்டில் கோடு இழுத்தால் இந்த வேலைக்கு ஆகாது, ஏனென்றால் சில குறிகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டர்தான். கட்டர் மெஷினில் மெல்லிய பிளேடு மாட்டி, கல்லில் 3 மில்லிமீட்டர் காடி வெட்டி, அதற்குள் எனாமல் நிரப்பினோம். காடியின் பலகைப் பக்கத்து விளிம்புதான் அளவு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டோம்.

முதல் காடி 8.07. டி.சி. யோகன்னான், 1974, டெஹ்ரான் ஆசிய விளையாட்டு. அன்றைக்கு அது ஆசிய சாதனை. அவர் கொல்லம் மாவட்டத்துக்காரர். பழைய திருவிதாங்கூரின் வரைபடத்தில் பார்த்தால் அவர் ஊரும் எங்கள் ஊரும் ஒரே நாடு. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன், இங்கிருந்து ஒருவர் மாநில அணியில் ஓடவோ தாண்டவோ வேண்டுமானால் திருவிதாங்கூர் கொச்சி வழியாகத்தான் போக வேண்டும்.

அடுத்த காடி 8.08. அமிர்த் பால் சிங், 2004, டெல்லி. 8.07க்கும் 8.08க்கும் நடுவே கல்லில் மிஞ்சியது 7 மில்லிமீட்டர். அந்த 7 மில்லிமீட்டர் கல்லுக்கு நாடு 30 வருஷம் காத்திருந்தது. காடி வெட்டிய பையன் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். முப்பது வருஷமா என்று இரண்டு தடவை கேட்டான். இதற்காகத்தான் இந்தக் குறிகளைப் போட ஆசைப்பட்டேன். அட்டவணையில் இரண்டு எண்களாக இருக்கும்போது இது தெரிவதில்லை.

8.08க்கு இன்னொரு கதையும் உண்டு. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நம் நாட்டின் எம். ஸ்ரீசங்கர் தாண்டியது 8.08. தங்கம் வாங்கிய பஹாமாஸின் லாக்வான் நெயர்ன் தாண்டியதும் 8.08தான். தூரம் சமமானால் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பார்கள். அதில் நெயர்ன் 7.98, ஸ்ரீசங்கர் 7.84. வெள்ளி வந்தது. பவுல் ஆகாத ஒவ்வொரு தாண்டலும் கணக்கில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

8.09 நம்ம தமிழ்நாட்டு குமரவேல் பிரேம்குமார், 2013. பிறகு 8.19 அங்கித் சர்மா, 2016, கஜகஸ்தானின் அல்மாட்டியில். அதற்கப்புறம் வரும் மூன்று காடிகளும் ஸ்ரீசங்கருடையவை. 8.20 புவனேஸ்வர், 2018. 8.26 பாட்டியாலா, 2021. 8.36 கோழிக்கோடு, 2022. கடைசிக் காடி 8.42, ஜெஸ்வின் ஆல்ட்ரின், 2023 மார்ச், பெல்லாரி பக்கம் நடந்த தாண்டுதல் போட்டியில். ஜெஸ்வினின் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து முதலூர். மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன ஊர், எங்கள் ஊரிலிருந்து காலையில் போய் சாயங்காலம் திரும்பலாம். அந்தக் காடிக்குச் சிவப்பு எனாமல் போட்டது பிள்ளைகளின் தீர்மானம்.

8.41 சாதனை இல்லை. ஆனாலும் அதற்கும் ஒரு காடி வெட்டினேன். 2023 ஜூனில் புவனேஸ்வரில் நடந்த மாநிலங்களுக்கு இடையேயான போட்டியில், இறுதிச் சுற்றில் அல்ல, தகுதிச் சுற்றில், ஸ்ரீசங்கர் தாண்டியது அது. ஜெஸ்வின் மூன்று மாதம் முன்பு வைத்த குறிக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு.

தேசியப் போட்டிகளின் வரலாற்றை ஆண்டுவாரியாக வென்றவர் பட்டியலாகப் படிப்பதைவிட, இப்படி ஒரே நிகழ்ச்சியின் சாதனைக் கோட்டில் படிப்பது தெளிவு என்பது என் எண்ணம். இந்தக் குறிகளுக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர்களையும் எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. 8.07 டெஹ்ரானில் வந்தது. 8.19 அல்மாட்டியில் வந்தது. அதற்குப் பிறகு 8.20, 8.26, 8.36, 8.42 நான்கும் நம் நாட்டுப் போட்டிகளிலேயே வந்தவை. 8.20 தேசிய ஓபன். 8.26ம் 8.36ம் பெடரேஷன் கோப்பை. உள்ளூர்ப் போட்டியில் எதிரே நிற்கிறவனே 8 மீட்டர் தாண்டுகிறவன் என்ற நிலை வந்ததும் சாதனைகள் இங்கேயே அடுத்தடுத்து விழ ஆரம்பித்தன. யோகன்னானுக்கு அப்படி ஒரு துணை உள்நாட்டில் இல்லை.

இந்தப் போட்டிகளின் பெயர்கள் பிள்ளைகளைக் குழப்பும், அதையும் சொல்லிவிடுகிறேன். தேசிய அளவில் தடகளத்தை நடத்துகிற கூட்டமைப்பு 1946ல் உருவானது. அது நடத்துகிற சீனியர் போட்டிகளில் முக்கியமானவை மூன்று. மாநிலங்களுக்கு இடையேயான போட்டியில் வீரர்கள் தங்கள் மாநிலத்தின் சட்டையில் இறங்குவார்கள். தேசிய ஓபனில் ரயில்வே, ராணுவம் போன்ற அணிகளும் தனித்தனியாக வரும், அதனால் நம் மாநிலத்துக்காரர் ஒருவரே ரயில்வே சட்டையில் தமிழ்நாட்டுக்கு எதிராகத் தாண்டுவதும் உண்டு. மூன்றாவது பெடரேஷன் கோப்பை.

பெண்களுக்கும் ஒரு காடி, 6.83. அஞ்சு பாபி ஜார்ஜ், 2004, ஏதென்ஸ் ஒலிம்பிக். முந்தின வருஷம் பாரிஸ் உலகப் போட்டியில் 6.70 தாண்டி வெண்கலம் வாங்கியவர். அவருடைய அறக்கட்டளையில் பயிற்சி பெற்ற ஷைலி சிங், 2021ல் நைரோபியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 6.59 தாண்டி வெள்ளி வாங்கினார். தங்கம் 6.60. எங்கள் திடலில் சாயங்காலம் பழக வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள், அவர்கள் போய் நிற்பது 6.83க்குப் பக்கத்தில்தான். சின்னவர்களுக்காக 3, 4, 5, 6 மீட்டர்களில் மஞ்சள் காடி போட்டோம்.

குறிகள் முடிந்த அன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். "அண்ணே, 2022 கோழிக்கோட்டுல யாரு ஜெயிச்சா?" என்றாள். ஜெஸ்வின் என்றேன், 8.37. "அப்போ 8.36 தாண்டுனவருக்கு எப்படி ரெக்கார்டு குடுத்தாங்க?" என்றாள். சரியான கேள்வி. ஜெஸ்வின் 8.37 தாண்டும்போது முதுகுக் காற்று வரம்புக்கு மேலே இருந்தது. போட்டியில் இடம் கொடுக்கக் காற்றைப் பார்ப்பதில்லை, யார் அதிகம் தாண்டினாரோ அவருக்குத் தங்கம். சாதனைக்கு மட்டும்தான் காற்று. ஆகவே தங்கம் 8.37க்கு, தேசிய சாதனை 8.36க்கு. உலக அளவிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1991 டோக்கியோவில் கார்ல் லூயிஸ் 8.91 தாண்டினார், காற்று வினாடிக்கு 2.9 மீட்டர். அதே இரவில் மைக் பவல் 0.3 காற்றில் 8.95 தாண்டித் தங்கத்தையும் உலக சாதனையையும் கொண்டுபோனார். 1968 மெக்சிகோவில் பாப் பீமன் தாண்டிய 8.90க்குக் காற்று சரியாக 2.0.

அவள் கேள்விக்குப் பிறகுதான் காற்றுமானி வாங்குவதை இனித் தள்ளிப்போட வேண்டாம் என்று தீர்மானித்தோம். கிண்ணம் சுற்றுகிற வகை வேண்டாம் என்று விட்டோம். அது எந்தத் திசைக் காற்றையும் சுற்றிக் காட்டிவிடும், எங்கள் குறுக்குக் காற்றில் கணக்கு தப்பும். கையில் பிடிக்கும் விசிறி வகையை எடுத்து, ஓடுபாதைக்கு இணையாக முகம் வைத்து ஸ்டாண்டில் பொருத்தினோம். இடம் விதிப்படி தாண்டும் கோட்டிலிருந்து 20 மீட்டர் பின்னால், பாதையிலிருந்து 2 மீட்டருக்குள், உயரம் 1.22 மீட்டர். தாண்டுகிறவர் 40 மீட்டர் கோட்டைக் கடந்ததும் 5 வினாடி அளக்க வேண்டும். 40க்குள்ளிருந்து ஓடத் தொடங்குகிறவர்களுக்கு ஓட்டம் தொடங்கியதும் அளக்க வேண்டும். எங்கள் கருவி போட்டி நடுவருக்குப் போதாது, பழகுவதற்குப் போதும். அளக்கும்போது அதற்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது என்று தரையில் ஒரு வட்டம் வரைந்திருக்கிறோம். 1995ல் இத்தாலியின் செஸ்ட்ரியேரேயில் இவான் பெத்ரோசோ 8.96 தாண்டினார், பவலைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல். காற்றுமானிக்கு முன்னால் ஒருவர் நின்றது வீடியோவில் தெரிந்தது. அந்தத் தாண்டல் உலக சாதனை ஆகவில்லை.

குறுக்குக் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய விலை ஒன்று இருக்கிறது. ஆடி மாதம் மேல் மணல் காய்ந்தால் பறக்கிறது. மேற்கு ஓரத்தில் முடைந்த தென்னை ஓலையால் இடுப்பளவுக்கு ஒரு தட்டி கட்டினோம். ஆளுயரத்துக்குக் கட்டினாலும் ஓடுபாதை வரை நீட்டினாலும் காற்றுமானியில் விழும் காற்றையும் அது மாற்றிவிடும், அதனால் குழியின் நீளத்தோடு நிறுத்திக்கொண்டோம். பழக்கம் முடிந்ததும் தார்ப்பாய் போட்டு ஓரத்தில் கல் வைக்கிறோம். சாயங்காலம் பழக வருமுன் மூன்று குடம் தண்ணீர் தெளித்து, மம்பட்டியால் மணலைக் கிளறி, பலகையால் இழுத்து மட்டமாக்க வேண்டும். ஈரம் இல்லாத மணலில் விழுந்த தடம் உடனே சரிந்து மூடிக்கொள்ளும், குதிகால் எங்கே பட்டது என்று தெரியாது. ஈரம் சரியாக இருந்தால் தடத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். தாண்டியவர் மணலில் உண்டாக்கிய தடங்களில் பலகைக்கு மிக அருகில் இருப்பதிலிருந்துதான் அளவு. கை பின்னால் ஊன்றியிருந்தால் கைத்தடம்தான் கணக்கு. பிள்ளைகள் இப்போது தாங்களே டேப் பிடிக்கிறார்கள், சென்டிமீட்டருக்கு மேல் வரும் மில்லிமீட்டரை விட்டுவிட்டுக் கீழ் எண்ணைச் சொல்கிறார்கள்.

புதுப் பலகையில் முதல் வாரம் பவுல் மழைதான். 40 மீட்டர் இருப்பதால் எல்லோரும் கடைசி வரை போய் ஓடிவந்தார்கள், பலகைக்கு வருவதற்குள் மூச்சு போய்விட்டது. பி.டி. சார் ஒவ்வொருவரையும் பலகையில் முதுகு காட்டி நிற்கவைத்து, குழிக்கு எதிர்ப்பக்கமாக ஓடவிட்டு, பதினோராவது அடி விழுந்த இடத்தில் சுண்ணாம்பு வைத்தார். அங்கிருந்து ஓடிவந்து பலகையில் கால் விழுகிறதா என்று பார்த்து, ஒரு பாதம் முன்னே பின்னே நகர்த்தினார். அவரவர் குறியின் தூரத்தை அவரவர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அண்ணா ஸ்டேடியத்திலும் டேப்பைப் பிடித்து அதே தூரத்தில் குறி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மும்முறை தாண்டுதல். பெரிய போட்டிகளில் ஆண்களுக்குப் பலகை குழியிலிருந்து 13 மீட்டர், பெண்களுக்கு 11 மீட்டர். எங்கள் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு 9 மீட்டரும் 7 மீட்டரும் போதும். பலகைகளுக்கு அயினி வாங்கியாகிவிட்டது, ஐப்பசி மழை விட்டதும் தோண்டுவோம். பிரவீன் சித்ரவேல் 2023ல் ஹவானாவில் தாண்டிய 17.37க்கும் ஒரு காடி வெட்ட வேண்டும். 13 மீட்டர் பலகைக்குக் கணக்கிட்டால் அது குழிக்குள் 4.37ல் விழுகிறது. மும்முறை தாண்டுதலுக்குக் காற்றை அளக்கத் தொடங்குவது 40 மீட்டரில் இல்லை, பலகையிலிருந்து 35 மீட்டரில். பலகை பின்னால் தள்ளிப் போவதால் ஓடுபாதையைத் தெற்கே இன்னும் நீட்ட வேண்டும், வேலியை நகர்த்த அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் சம்மதம் சொல்லிவிட்டார்.